பழுப்பு

உலான்பாத்தரில் மைனஸ் முப்பத்தொன்று.
தூல் ஆறு உறைந்து நின்றுவிட்டது.
துல்மா சீவி வைத்த
நான்கு மைக்ரான் ஈரலில் மட்டும்
வாய்க்கால் மேல் வாய்க்கால்.

பசித்த கட்டி ஒரு புரதத்தைத் தூது விடும்;
பக்கத்து ரத்தக்குழாய்
மறுபேச்சில்லாமல் கிளைத்துக் கொடுக்கும்.
தூது போன தடமெல்லாம்
சாயத்தில் பழுப்பு.

எண்ணினேன்.
ஒரு வட்டத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு.
‘மிகை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
அந்தச் சொல்லுக்குள் எத்தனை மாதம் என்று
படிவம் கேட்பதில்லை.

கதவுக்கு வெளியே
ஈரலின் சொந்தக்காரர், லாரி ஓட்டும் லுவ்சான்,
கையுறையைக் கழற்றாமல்
சினைக்குதிரைக்கு விலை பேசுகிறார் போனில்.
ஒரு துக்ரிக்கூடக் குறைக்க மாட்டாராம்.
வசந்தத்தில் தானே கூட இருந்து
குட்டியை வெளியே எடுத்த பிறகுதான்
கொடுப்பாராம்.

லென்ஸைத் துடைத்துவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்.