முப்பத்தஞ்சு

மேலவெளி வீதியில் என் ஆபீஸ்.
வண்டிகள் எனக்கு முகம் காட்டுவது
முகம் போன பிறகுதான்.
கப்பலூர் டோல்கேட் தாண்டி ஒன்று,
ரிங்ரோட்டில் நின்ற லாரிக்கு அடியில் ஒன்று.
சர்வேயர் வாட்ஸப்பில் படம் அனுப்புவார்,
நான் கிளெய்ம் நம்பர் போடுவேன்.
பதினோரு வருஷமாய் இதே வேலை.
எந்தக் கதவு எப்படி மடங்கும் என்று
புடவை மடிப்புபோலத் தெரியும்.

கெசியாவுக்குப் பதினெட்டு முடிந்து ஆறு வாரம்.
லைசென்ஸ் போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறாள்.
விரகனூர் தாண்டிக் காலேஜ்.
லேப் இழுத்துவிட்டால் கடைசி பஸ் போய்விடும்;
அவள் வரும்வரை நான் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.
ஸ்கூட்டர் வாங்கலாம்தான்.
ஸ்கூட்டர் படங்களும் என் மேசைக்கு வருகின்றன.

கையில் இரண்டே முக்கால் லட்சம்.
அதில் அறுபதாயிரம் எடுத்த சீட்டு,
இன்னும் நாலு தவணை பாக்கி.

பைபாஸ் ரோட்டில் மொக்கராசுவின் தகரக் கொட்டகை.
அவள் நேராகப் போய் நின்றது சிவப்பின் பக்கத்தில்.
கூரையில் கண்ணாடி, பின்னால் ஒரு வால்.
அபுதாபியிலிருந்து அவள் அப்பா
போனுக்குள் தலையாட்டினார்:
"சின்னப் புள்ள, சிவப்பா இருந்துட்டுப் போகட்டுமே."
"சிங்கிள் ஓனர்க்கா, டாக்டர் ஓட்டுன வண்டி."
மதுரையில் இத்தனை டாக்டர்கள் இருந்தால்
பெரியாஸ்பத்திரியில் ஏன் அவ்வளவு வரிசை என்று
நான் கேட்கவில்லை.
பானெட்டைத் தூக்கி
உள்விளிம்பில் விரலை ஓட்டினேன்.
வலப்பக்கம் கம்பெனி வெல்டிங், புள்ளி வைத்த கோலம்.
இடப்பக்கம் வழவழவென்று பட்டி.
"முன்னால வாங்கியிருக்கு."
"லேசாத்தான்க்கா. ஒரு ஆடு குறுக்க வந்துச்சு."
கொஞ்சம் பெரிய ஆடாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது வெள்ளி நிறம், விலையும் குறைவு.
ஏர்பேக் இருக்கவேண்டிய இடத்தில்
பிளாஸ்டிக் மூடி மட்டும்.
டேஷ்போர்டில் மாதா படம் ஒட்டியிருந்து
உரித்தெடுத்த சதுரம்.
"மாதா இருந்திருக்காங்கம்மா."
"இப்ப இல்லையே."

மூலையில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால்
அது நின்றது.
பழுப்பா சாம்பலா என்று
இன்னும் முடிவெடுக்காத நிறம்.
ரொட்டி டப்பாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி உயரம்.
இரண்டு ஏர்பேக். ஏபிஎஸ்.
எண்பதைத் தாண்டினால் உடம்பெல்லாம் உதறி
ஊருக்கே காட்டிக்கொடுக்கும் இன்ஜின்.
எல்லா வெல்டிங்கும் புள்ளி புள்ளியாய்ப் பிறந்தபடி.
மொக்கராசுவே அதை மறந்திருந்தான்;
சாவி தேடக் கால்மணி நேரம்.

கெசியா ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள்.
"இதுல ஏறுனா எனக்கு
முப்பத்தஞ்சு வயசாயிரும்மா."

ஆகட்டும் என்று வாய்வரை வந்தது.
முப்பத்தைந்து வயது ஆகட்டும்.
அதைத்தானே கேட்கிறேன்.

சொல்லவில்லை.
"ஏசி நல்லா இருக்கு" என்றேன்.

காளவாசல் சிக்னல்வரை ஓட்டிக்காட்டச் சொன்னேன்.
சீட்டை முன்னுக்கு இழுத்தாள், போதவில்லை,
என் டிபன் பையை முதுகுக்கு வைத்துக்கொண்டாள்.
ஷேர் ஆட்டோ ஒன்று
ஆளைப் பார்த்ததும் நடுரோட்டில் நின்றது.
இல்லாத பிரேக்கை நான் மிதித்தேன்.
இருந்த பிரேக்கை அவள் மிதித்தாள்.
வண்டி ஒரு முழம் விட்டு நின்றது.
இரண்டு பேரும் ஆட்டோக்காரனைத் திட்டினோம்,
அவள் வார்த்தைகள் எங்கே படித்தவை என்று
பிறகு விசாரிக்க வேண்டும்.

எட்டாயிரம் குறைத்துக் கொடுத்தான்.
தண்ணீர் டிரம்மை நகர்த்தத்தான் ஆளில்லை,
நாங்களே உருட்டினோம்.

அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை அவள்.
என்னோடு மூன்று.
நாலாம் நாள் பின்கண்ணாடியில்
ஒரு கார்ட்டூன் பூனை ஒட்டியிருந்தது.

இப்போது காலை எட்டே முக்காலுக்கு
போன் இரண்டு தரம் அதிரும்.
ஒன்று சர்வேயர்:
மேலூர் ரோடு, பாலத்துச் சுவர், நாலு படம்.
இன்னொன்று
காலேஜ் வாசலிலிருந்து, ஒரே வரி.
வண்டிக்கு அவள் வைத்த பெயரோடு:

முப்பத்தஞ்சு வந்து சேந்துருச்சும்மா.