இருமல்

அப்பா முதல் முறை இறந்தது எண்பத்தாறில்,
ஒரு புதன்கிழமை இரவு எட்டரைக்கு.
கோலாலம்பூரிலிருந்து நாடகக்காரர்கள்
எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள்.
மின்னல் விழுந்து பால்மரத்தடியில் செத்தவனாக
ஓர் ஆள் வேண்டியிருந்தது.
மண்டோர் கைகாட்டினார்:
"நாகப்பன் நல்லா படுப்பான்."
பதினைந்து வெள்ளி, ஒரு பொட்டலம் மீகூன்.

மூச்சைப் பிடிக்கப் பதினோரு முறை.
வயிறு அசைந்தது, இமை துடித்தது,
எறும்பு ஏறியது.
டைரக்டர் கோபப்படவில்லையாம்.
"பரவால்ல, திரும்ப எடுப்போம்."

மனைவியாக நடித்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர்.
அழவே இல்லை.
அப்பாவின் ரப்பர் செருப்பை எடுத்து
வாசலில் தட்டினார். மண் உதிர்ந்தது.
உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று தெரியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.
அவ்வளவுதான்.
பாட்டு இல்லை. கேமரா நகரவில்லை.

கிராணி வீட்டுச் சன்னலுக்கு வெளியே
தோட்டமே நின்று அழுதது.
அந்தக் கூட்டத்தில் அப்பாவும் பீடியோடு நின்றார்.
அஞ்சலை பெரியம்மா
இரண்டு தரம் திரும்பி வந்து
அவர் கையைத் தொட்டுப் பார்த்தாளாம்.
மறுநாள் காலைப் பெரட்டில்
பேரைக் கூப்பிட்ட கிராணி
ஒரு நொடி தயங்கினாராம்.

அந்தக் காலத்தில் எல்லாமே ஒழுங்கு என்று சொல்லமாட்டேன்.
கதவைச் சாத்தினால் ஆடிய சுவர்களையும்
ஒட்டுமீசை பாதி தொங்க
கைது செய்த போலீஸ்காரரையும்
நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது முறை, போன மார்ச்சில்.
ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாறிவிட்டது.
வேன் ஓட்டுபவர்கள் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் கூவுகிறார்கள்.
தம்பி சர்வின் பாட்டுப் போட்டியில்
கடைசி எட்டுப் பேரில் ஒருவன்.
"வீட்டுப் பின்னணி" எடுக்க வந்தார்கள்.

அட்டை வைத்திருந்த பெண் ரொம்பப் பணிவு.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.
"அங்கிள், கொஞ்ச நேரம் பின்னாடி இருக்கீங்களா?
அப்பா இல்லாத பிள்ளைக்கு ஓட்டு அதிகமா விழும்.
பொய் இல்ல ஆண்டி.
அப்பா இருக்காருன்னு நாம சொல்லப்போறதில்ல,
அவ்வளவுதான்."

அம்மா என்னைப் பார்த்தாள்.
நான் தம்பியைப் பார்த்தேன்.
தம்பி புதுச் சப்பாத்தின் கயிற்றைப் பார்த்தான்.
முதல் பரிசு ஐம்பதாயிரம் வெள்ளி.
தாமான் வீட்டுக்கு இன்னும் ஒன்பது வருஷக் கடன்.

"நமக்குப் பழக்கம்தானே,"
என்றார் அப்பா,
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
கொல்லைக்குப் போனார்.

சுவரிலிருந்த அவர் படத்துக்குக் கீழே
ஒரு விளக்கு வந்து உட்கார்ந்தது.
அம்மாவின் முதல் அழுகையில்
செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனது.
இரண்டாவதில் மைக் நழுவியது.
மூன்றாவதில் கண்ணீர் வரவில்லை.
கண்ணுக்குக் கீழே தடவ
நீலக் குப்பியில் தைலம் கொடுத்தார்கள்.
நாலாவதுக்கு நேரமில்லை.
இருட்டுவதற்குள் காப்பாரில்
இன்னொரு வீட்டில் இன்னொரு அம்மா காத்திருந்தாள்.

ஞாயிறு இரவு ஐந்து பேரும் பார்த்தோம்,
என் வீட்டுக்காரரையும் சேர்த்து.
வயலின் வாசித்தார்கள்.
தம்பி கண்ணைத் துடைத்தான், மெதுவாக,
மறுபடி அதே கண்ணை, இன்னும் மெதுவாக.
கீழே எண்கள் ஓடின,
ஒரு ஓட்டுக்கு ஐம்பது சென்.

நடுவே,
அம்மா விம்மும் இடத்தில்,
வயலினுக்கு அடியில்,
கொல்லைப்பக்கமிருந்து ஓர் இருமல்.

தம்பி நிமிரவில்லை.
என் போனில் பக்கத்து வீட்டுப் புஷ்பலீலாவின் செய்தி:
"பாவம் உங்க அப்பா."
மத்தியானம்தான் அவரிடம்
முருங்கைக்கீரை வாங்கிப் போயிருந்தாள்.

விளம்பரம் வந்தது.
அப்பா ரிமோட்டைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.
"செத்தவன் இருமக்கூடாது,"
என்றார்.
"அந்த ஆளா இருந்தா
திரும்ப எடுத்திருப்பாரு."