குறைவெண் மூன்று

நெப்ராஸ்கா. மார்ச் மாதத்துச் சனிக்கிழமை.
பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில்
ஐந்து தாள்கள் ஒட்டினேன்,
ஓவிய ஆசிரியை மேஜையிலிருந்து எடுத்த நீல டேப்பால்.
பாடத்திட்டம். போட்டிகள். புதிய ஆசிரியர் துணை.
உறுப்பினர் சேர்க்கை. விதிமுறைத் திருத்தம்.
ஒவ்வொன்றின் கீழும் எட்டுக் கோடுகள்.
எட்டு என்பது என் பேராசை.

மாநிலம் முழுக்கக் கணினி சொல்லித்தருபவர்களில்
வந்திருந்தது முப்பத்தொரு பேர்.
பாதிப் பேர் மற்ற மணிநேரங்களில்
கணக்கு வாத்தியார், கூடைப்பந்துப் பயிற்சியாளர்;
ஒருவர் பள்ளிப் பேருந்தும் ஓட்டுகிறார்.
லொவெல் ஹ்ரூஷ்கா நாற்பது நிமிடம் தாமதம்:
பிளாட் நதிப் பாலத்தில் நாரை பார்க்க வந்தவர்கள்
காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டார்களாம்.

"விருப்பமுள்ளவர்கள் முன்வரலாம்" என்றேன் மைக்கில்.
எல்லாரும் கொஞ்சம் பின்னால் போனார்கள்.
காபி அங்கேதான் இருந்தது.

முதலில் நிரம்பியது போட்டித் தாள்.
போட்டிக் குழுவுக்கு டி-சர்ட் உண்டு.
பாடத்திட்டத்துக்கு ஆறு பேர்,
அவர்களுக்குள் அதற்குள் ஏழு கருத்து.
துணைக் குழுவின் முதல் கோட்டில்
மேரிபெல் ஓல்டிஸ்,
வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதம்.
"துணை கேட்பவர்களுக்கு இல்லை,
கொடுப்பவர்களுக்கான தாள் இது" என்றேன் மெதுவாக.
"தெரியும். எங்களூரைச் சுற்றி நூற்றுப்பத்து மைலுக்கு
இந்தப் பாடத்துக்கு நான் ஒருத்திதான்.
அது எப்படி இருக்கும் என்று
எனக்கு இன்னும் மறந்துபோகவில்லை."
அடிக்கத் தூக்கிய பேனாவை
அவளிடமே கொடுத்துவிட்டேன்.

விதிமுறைத் தாள் மட்டும் வெள்ளை.
கல்யாண வீட்டில் கடன்காரனைக் கண்டவர்கள்போல
அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.
கடைசியில் லொவெல் எழுதினார்,
தாமதத்துக்கு அபராதம் கட்டுவதுபோல.
மேலே யார் பெயர் என்று பார்க்காமலே
அடுத்த கோட்டில் டோரித் வான்ஹூட்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கட்டங்களை நகர்த்தவா,
எழுத்தைத் தட்டவா என்று
இவர்கள் சண்டை போட்டு இரண்டு வருஷம்.
அதன்பின் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதெல்லாம்
என் வழியாகத்தான் போய்வருகிறது.

குழு என்றால் குறைந்தது மூவர்.
இருவர் கூடினால் அது பேச்சு, தீர்மானம் ஆகாது.
ஆறாம் பிரிவு. என்னைத் தவிர யாரும் படித்ததில்லை,
தட்டச்சு செய்தது நான் என்பதால் நான் படித்தேன்.
"இந்த வருஷம் ஒரு குழுவிலும் இல்லை" என்று
சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால்
எழுதிவைத்ததும் நான்தான்.

மூன்றாவது கோட்டில் என் பெயர்
கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

"செவ்வாய்க்கிழமை மட்டும் முடியாது" என்றார் டோரித், என்னிடம்.
"எனக்கும் செவ்வாய் ஆகாது" என்றார் லொவெல், என்னிடமேதான்.
குறிப்பேட்டில் பதிந்தேன்:
செவ்வாய் நீக்கப்பட்டது. ஒருமனதாக.

நாற்காலிகளை அடுக்கியபின் தாள்களைக் கழற்றினேன்.
டேப்போடு சுவர்ப் பெயிண்டும் ஒரு விரலகலம் உரிந்துவந்தது.
அதைப் பார்த்துக்கொள்ள எந்தக் குழு என்று
இன்னும் யாரும் கேட்கவில்லை.