இரண்டரைக் குடம்

படகுக்குப் பூசியது போக மிஞ்சிய
முக்கால் டின் ரெசின்,
நான்கு முழம் ஃபைபர் மேட்.
காசிமேட்டுக் கொட்டகை வாசலில்
தெய்வசிகாமணியின் பழைய இண்டிகா
டிக்கி திறந்து நிற்கிறது.

வீல் வளைவின் மேல் டேப்,
டேப்பின் மேல் அலுமினியத் தாள்,
அதன்மேல் மேட்டைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினேன்.
தன் இடுப்பையே அச்சாகத் தந்தது கார்.

வளையத்தின் மேல் இழுத்துக் கட்டத்
துணி கேட்டேன்.
போட்டிருந்த பனியனைக் கழற்றினான்.
ஹார்டனர் சொட்டு கூடிப்போய்
டப்பா கொதித்துப் புகைந்தது.
"இன்னாண்ணா, சோறா வடிக்கிறே?"

முழங்கை மடிப்பில் ராத்திரி முழுக்க ஊசி.
தேங்காய் எண்ணெய்க்கும் அடங்கவில்லை.
ரோஸ்லின் தனிப்பாய் போட்டுக்கொண்டாள்.

உள்ளே எத்தனை லிட்டர் என்று
லாரித் தண்ணீர் ஊற்றி அளந்தோம்.
இரண்டரைக் குடம்.
"கொட்டிடாதே, கக்கூசுக்காவது ஆவும்"
பக்கத்துக் கடை ஜரீனா
குடத்தோடு வந்து நின்றாள்.

பதினெட்டு வருஷமாய்
தண்ணீர் உள்ளே வராமல் ஒட்டுகிறவன் நான்.
இப்போது காற்று வெளியே போகக்கூடாது.
ஸ்பீக்கரைத் திருகி, கோனை மெல்ல அழுத்தி
ஊதுவத்தியை ஓரமாய் நகர்த்தினேன்.
ஓரிடத்தில் புகை தலை சாய்த்தது.
அங்கே ஒரு விரல் புட்டி.

ஆம்ப் வாங்கக் காசு
ஒண்ணாம் தேதிதான் வருமாம்.

ராத்திரி டிக்கியைச் சாத்தப் போனேன்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல்
அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டது.
ஒயர் மாட்டாத கோனின் மேல்
என் உள்ளங்கை.
அசைந்தது.

இன்னொரு தரம் கூப்பிடுமா என்று
கொசுக்கடியில்
நின்றுகொண்டிருந்தேன்.