ஆளுயரக் கண்ணாடி

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு
மருந்துக்கடை ஷட்டர் பாதி இறங்கும்.
குனிந்து வெளியே வருவேன்.
கழனிவாசல் திருப்பத்தில்
நகக்கண்ணில் ஒர்க்‌ஷாப் கிரீஸ் மிச்சமிருக்க
வண்டியை உறுமவிட்டு நிற்பான் பூமிநாதன்.
அழகுமீனா என்ற பேரை
அழகு என்று சுருக்கித் தெருவில் கூப்பிடுவான்.
நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்,
பார்த்துவிட்டு ஏமாறுவார்கள்.
"எங்கே போகலாம்?" என்பான்,
காரைக்குடிக்குள் நூறு ஊர் இருப்பதுபோல.

இந்த ஊரில் காதலிக்க
ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் வேண்டும்,
அப்புறம் கொஞ்சம் நடிப்பு.

கல்லுக்கட்டிக் கூட்டத்தில் கையைப் பிடிக்கலாம்,
தொலைந்துபோவேன் என்கிற சாக்கில்.
மூன்று வருஷமாக
ஒரே தெருவில் தொலையப் பார்க்கிறேன்.

புது பஸ் ஸ்டாண்டில் உட்காரலாம்,
வெளியூர் போகிறவர்கள் மாதிரி.
தஞ்சாவூர் போகும், மதுரை போகும்.
ராமேஸ்வரம் கண்டக்டர்
படியில் தொங்கியபடி கேட்பார்:
"ஏறலையா?"
"அடுத்ததுல."
வேர்க்கடலைப் பொட்டலம் தீரும்வரை
எல்லா ஊரையும் தவறவிடுவோம்.

ஆனால் முதலில் முனீஸ்வரன் கோவில் தெரு.
பழம்பொருள் கடைக்குள் நுழையும்போது
துப்பட்டாவைச் சரிசெய்துகொள்வேன்.
அவன் தொண்டையைச் செருமிக்கொள்வான்.
திருச்சியில் ஆற்றைப் பார்த்தபடி
பெரிய வீடு கட்டுகிறவர்கள் நாங்கள்.
மாடிப்படிதான் இன்னும் முடிவாகவில்லை.
"இது பர்மாத் தேக்கா?" என்று
தூணைத் தட்டிக் கேட்பான்,
டயரில் காற்று பார்க்கிற அதே தட்டு.
அபுதாகிர் அண்ணன் சிரிக்காமல் பதில் சொல்வார்.

எனாமல் தூக்குகள், கடிகாரங்கள்,
யார் வீட்டுச் சீர்வரிசையோ
எல்லாம் தாண்டி
கடைசி அறைச் சுவரில் அது சாய்ந்திருக்கும்.
பெல்ஜியம் கண்ணாடி. ஓரத்தில் ரசம் உதிர்ந்து
பேர் தெரியாத தேசத்தின் வரைபடம்.

எங்கள் வாடகை அறையில் இருப்பது
ஜன்னல் கம்பியில் மாட்டிய சவரக் கண்ணாடி.
அவன் மீசை தெரிந்தால்
என் பொட்டு தெரியாது.
செல்போனில் எடுத்தால்
அவன் கைதான் பெரிதாக விழும், கால்களே இராது.
உச்சி முதல் செருப்பு வரை
நாங்கள் சேர்ந்து நிற்பதை
நாங்களே பார்த்தது இங்கேதான்.
அவனைவிட அரை அங்குலம் நான் உயரம்.
அவன் இடது தோள் கொஞ்சம் இறக்கம்.
பரவாயில்லை, ஜோடிதான்.

என்னைப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.
விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எழுபத்தையாயிரம்.
தெருமுனை வரை பேசாமல் வந்துவிட்டுச் சொன்னான்:
"மாசம் ஆயிரம் போட்டா
ஆறு வருஷம் மூணு மாசம்."
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு.
சுவரில் ஆளுயரத்துக்கு
வெளுத்த கட்டம் மட்டும் இருந்தது.
"கொச்சி ஹோட்டல்காரர் எடுத்துட்டார்" என்றார் அண்ணன்.
முதல்முறையாக எங்களுக்கு டீ சொன்னார்.
டம்ளரை நீட்டியபடி,
"வேற ஒண்ணு வரும்.
வந்து பாருங்க."

பாருங்க என்றார்.
வாங்குங்க என்று சொல்லவில்லை.
திருச்சி வீடு, ஆறு, மாடிப்படி
அத்தனையும் அந்த ஒரு சொல்லில் இடிந்து
எனக்குக் காது சுட்டது.
பூமிநாதன் டீயை ஊதி ஊதிக் குடித்தான்.
பிறகு கடைசி அறைக்குப் போய்
அந்தக் கட்டத்துக்கு முன்னால் நின்றான்.
நானும் போய் நின்றேன்.
காரைச் சுவர். ஒரு பல்லி.

பஸ் ஸ்டாண்டில் பெஞ்செல்லாம் ஈரம்.
நின்றுகொண்டே சொன்னான்:
"நாலு மாசம் கட்டிட்டேன், அழகு."
சட்டைப்பையிலிருந்து எடுத்தான்.
ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி நாலாய் மடித்த
எட்டு ஐந்நூறு.
எப்போது, எதைக் குறைத்துச் சேர்த்தான்
என்று கேட்க வாயெடுத்தேன்.

"ஏறலையா?" என்றார் கண்டக்டர், பழக்கதோஷத்தில்.
"அடுத்ததுல" என்று நான் சொல்வதற்குள்
இவன் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான்.

"வண்டி?" என்றேன்.
"நிக்கும்."

காலை ஒன்பதுக்கு நான்தான்
ஷட்டர் தூக்க வேண்டும் என்பது
தேவகோட்டை தாண்டிய பிறகுதான்
ஞாபகம் வந்தது.
சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.
அவன் தூங்கிப்போயிருந்தான்,
இறங்கிய தோள் என் பக்கம்.