பத்தி 3.2.7

கோட்டையில் இன்று குழுவின் மூன்றாம் அமர்வு.
மேசையின் ஓரத்தில், பிஸ்கட் தட்டுக்கும்
துறைச் செயலாளரின் முழங்கைக்கும் நடுவே
என் நாற்காலி.
நான் சுருக்கெழுத்தர்.
பதினாறு ஆண்டில் இங்கே யாரும்
என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.
கேட்டாலும் அதை நான்தான் எழுதியாக வேண்டும்.

தணிக்கை அறிக்கை சொல்வது இவ்வளவுதான்:
வெள்ளநீர் இறைக்கும் மோட்டார், பதினொன்று,
வாங்கப்பட்டன.
நிறுவப்பட்டதற்கு ஆவணம் இல்லை.
மொத்தம் ஆறு வரி.
அந்த ஆறு வரிக்கு மேல்
நான்கு ஐப்பசி பெய்து முடிந்துவிட்டது.

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"பதினொன்றில் எத்தனை ஓடுகிறது?"

தலைமைப் பொறியாளர் சபேசன் எழுந்தார்.
கோப்பைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
"பரிசீலனையில் உள்ளது, ஐயா."

"ஓடுவதா பரிசீலனையில் உள்ளது?"

"ஆவன செய்யப்படும், ஐயா."

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் சேர்த்து
நானே ஒரு கோடு வைத்திருக்கிறேன்.
ஒரே இழுப்பு. கீழ்நோக்கி வளைந்து
தரையைத் தொடுமுன் நின்றுவிடும்.
சில நாள் நாற்பது முறை
பென்சில் தானாகவே போட்டுக்கொள்ளும்.

உறுப்பினர் ஜெசிந்தா, முன்னாள் தமிழாசிரியை,
துறையின் பதிலைச் சிவப்பு மையால் திருத்தியிருந்தார்.
"அனுப்பப்பட்டது, பெறப்பட்டது, தவறவிடப்பட்டது.
பன்னிரண்டு பக்கத்தில் எழுவாயே இல்லையே, சபேசன்.
தவறவிட்டது யார்?"

ஏசியின் சத்தம் நன்றாகக் கேட்டது.
ஒரு தேநீர்க் கோப்பை தட்டில் உட்கார்ந்தது.

வியாழக்கிழமை நேரில் பார்க்கப் போனோம்.
ஒரு வேன், மூன்று ஜீப்.
வியாசர்பாடிச் சுரங்கப்பாதை தாண்டி
கால்வாய்க் கரை நெடுக
அன்று காலை தூவிய பிளீச்சிங் பவுடர்,
யாரோ அவசரமாய்ப் போட்ட கோலம்போல.

ஏழாம் எண் மோட்டார் பச்சையாய்ப் பளபளத்தது.
ஜெசிந்தா அதன் தலையில் கை வைத்தார்,
கன்றுக்குட்டியைத் தொடுகிற மாதிரி.
எடுத்தபோது உள்ளங்கை பச்சை.

பேச்சை எழுதலாம். குறுக்கீட்டை எழுதலாம்.
சிரிப்பை அடைப்புக்குறிக்குள் போடலாம்.
ஈரப் பெயிண்டுக்கு என்னிடம் கோடு இல்லை.

எதிர் வீட்டுப் படியில்
மீன் அலசிக்கொண்டிருந்தவர்தான் சொன்னார்:
"ராவு பன்னெண்டு மணிக்கு டார்ச் அடிச்சுப் பூசினாங்க சார்.
கொசுவத்தி கேட்டாங்க, குடுத்தேன்.
இது ஓடுமான்னு கேட்டேன்.
அது வேற செக்சனாம்."

சாட்சிகள் பட்டியலில் அவர் இல்லை.
பென்சிலை நிறுத்திவிட்டேன்.
தலைவர் திரும்பினார், என் பக்கம்.
"ஏன் எழுதவில்லை?"

பதினாறு ஆண்டில் முதல் கேள்வி.
பதில் சொல்லத் தெரியாமல்
அந்த அம்மாவிடம் பெயர் கேட்டேன்.
"நாகபூஷணம். மூணு சுழி ண போடு.
ரேஷன் கார்டுல தப்பா போட்டுட்டானுங்க."

அறிக்கை அவைக்குப் போனது.
குழு வருந்துகிறது, குழு வலியுறுத்துகிறது,
மூன்று மாதத்துக்குள் என்று குழு பரிந்துரைக்கிறது.
ஏழு மாதம் கழித்து வந்த பதிலில்
மோட்டார் எண் 7: இயங்கும் நிலையில்.
மீதிப் பத்துக்கு
என் பழைய கோடு.

நேற்று மதியத்திலிருந்து மழை.
வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு
வேறு பஸ் ஏறினேன்.
யாரும் அனுப்பவில்லை.
கால்வாய் கரைக்கு ஒரு சாண் கீழே நின்றது,
தெருவில் கணுக்கால் தண்ணீர்,
அதுவும் மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.
இருட்டில் ஏதோ கரகரவென்று இருமியது.

படியில் நாகபூஷணம்.
என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.
"ஓடுது ஓடுது. ராப்பகலா ஓடுது.
இந்தச் சத்தத்துல பேத்தி தூங்க மாட்டேங்குறா.
அதையும் எழுதிக்கோ."

நோட்டு கையில் இல்லை.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்,
நனைந்து கிழிவதற்குள்,
மூன்று சுழியோடு.