ஒரு நூல் குறைவு

கவிழ்த்துப் போடுங்கள் என்றேன்.
சட்டிக்கு முகம் அடிப்பக்கம்தான்.

டுவைட் கவிழ்த்தான்.
அக்கா லவோன் கையுறையைக் கழற்றவில்லை,
வாசலில் கார் எஞ்சினையும் அணைக்கவில்லை.
ஒஹாயோவில் பிப்ரவரி.
என் கராஜுக்குள் மூவர் மூச்சும் கண்ணுக்குத் தெரிந்தது.

அர்லோ கிம்மல் விட்டுப்போனவை:
லாரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு கடை,
அந்தக் கடையின் கடன்,
பனி தள்ளும் மண்வெட்டி இரண்டு,
இந்தச் சட்டி.
கடனுக்கு யாரும் சண்டை போடவில்லை.

ஈரியில் வார்த்தது, பெரிய கம்பெனி என்றான் தம்பி.
சிட்னியில் வார்த்தது என்றாள் அக்கா
(ஆஸ்திரேலியா இல்லை, இங்கேதான், எழுபது மைல்).
பெயர் தெரிந்தால் விலை,
தெரியாவிட்டால் எடை.
என் தொழில் அவ்வளவுதான்.

ஐந்து நாள் காரநீரில் ஊறவைத்திருந்தேன்.
அறுபது வருடத்துப் பன்றிக்கொழுப்பு
தார்போல உரிந்து வாளியில் இறங்கியிருந்தது.
இப்போது பாருங்கள்:
கைப்பிடியில் எட்டு,
மேல்வயிறு ஒட்டி, கீழ்வயிறு பெருத்த எட்டு.
அடி வளையத்தில் மூன்று வெட்டு இருந்தால்
டென்னசி என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.
வெட்டே இல்லை.
ஊற்றுமூக்கு இரண்டு, இடது கொஞ்சம் சோம்பல்.

சாக்பீஸைப் படுக்கப்போட்டுத் தேய்த்தேன்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும்
மேலே வந்தது
ஒரு வட்டத்தின் கால்வாசி,
அதற்குள் சிலுவையின் ஒரு கை,
அப்புறம் எழுத்து,
அல்லது எழுத்து இருந்த இடம்.

நான்தான் சொன்னேனே என்றான் டுவைட்.

பொறு.
அளவுகோலை எடுத்தேன். மூன்று முறை அளந்தேன்,
மூன்றாவது அவர்களுக்காக.

இரும்பு ஆறும்போது சுருங்கும், அடிக்கு ஒரு நூல்.
பெயரில்லாத ஏதோ பட்டறையில் எவனோ
காசு கொடுத்து வாங்கிய சட்டியையே
அச்சாக மணலில் அமுக்கியிருக்கிறான்.
அடுத்தவன் பெயரை அரத்தால் ராவி,
முழுக்க ராவப் பொறுமையில்லாமல்
உருக்கை ஊற்றிவிட்டான்.
அதனால்தான் இது அசலைவிட
ஏறக்குறைய ஒரு நூல் குறைவு.

அப்படியென்றால் செய்தது யார்?

திருடினவன்.
நன்றாகச் செய்திருக்கிறான், தட்டிப் பார், மணி.
கைப்பிடிக்குக் கீழே ஒற்றை எழுத்து, ஆர்,
கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கிறது.
மணலில் நேராகக் கீறினால்
இரும்பில் இடம்வலம் மாறி விழும் என்பதை
அவசரத்தில் மறந்திருக்கிறான்.

லவோன் முதன்முறையாகச் சிரித்தாள்.
அப்பா எங்களை விட்டு ஓடிப்போன வருடம்
மதிப்பெண் அட்டையில் அவர் கையெழுத்தை
அர்லோதான் போட்டார், என்றாள்.
அப்பாவே அவ்வளவு நன்றாகப் போட்டதில்லை.

டுவைட் சாக்பீஸ் பொடியை ஊதினான்.
பொடி போனதும் வட்டமும் போய்விட்டது.

நாற்பது டாலர் போகும் என்றேன்.
என் கூலி முப்பத்தைந்து.
ரசீதில் செய்தவர் என்ற கட்டத்தில்
ஆர் என்று எழுதினேன்,
கேள்விக்குறி போடவில்லை.

யார் எடுத்துப்போனார்கள் என்று கேட்காதீர்கள்.
காரநீர் வாளியை அப்புறப்படுத்தப் பின்பக்கம் போயிருந்தேன்.
திரும்பி வந்தபோது
மேசையில் ஒரு கறுப்பு வளையம்,
ஒரு ஜோடிக் கையுறை.